அம்மா, நாளைக்கு பஸ்ஸில் போக வேண்டாம்

கொரோனா காலத்தின் இரண்டாவது வருடம், ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் பாபடோயிட்டோயில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் இது நடந்தது. அந்த வீட்டை இப்போது விற்றுவிட்டார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனபோது ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை தொங்கியது. காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி. நான் அவர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணாவுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்தார். பிள்ளைகள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்ததால் பின்பக்க அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். வாடகைக்கு இருந்தேன் என்று பெயர்தானே தவிர, பாதி நாள் சாப்பாடு அக்கா கையால்தான்.

அண்ணா நியூசிலாந்துக்கு வருவதற்கு முன் லண்டனில் அகதியாகச் சில வருடங்கள் இருந்தவர். ஊர் தெரியாத, பாஷை தெரியாத அந்தக் காலத்தில் மனசுக்கு ஆறுதலாக இருந்தது கால்பந்துதான் என்று சொல்வார். அதனால் நாடு மாறி வந்த பிறகும் இங்கிலாந்து அணியை விடவில்லை. நான் வடசென்னை, வியாசர்பாடிக்காரி. எங்கள் தெருவில் பந்து உதைக்காத வீடு கிடையாது. ஆகவே அந்த வீட்டில் கால்பந்து பார்க்கும் விஷயத்தில் எனக்கும் அண்ணாவுக்கும் ரொம்பப் பொருத்தம். அக்காவுக்குத்தான் இரைச்சல் தாங்காது.

அன்று ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் இத்தாலியும். லண்டனில் ஞாயிறு இரவு என்றால் எங்களுக்குத் திங்கள் காலை ஏழு மணி. அண்ணாவுக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிஃப்ட். எனக்கும் என் அலுவலக நண்பர் ஒருவருக்கும் அன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. அவரையும் ஆட்டம் பார்க்க வரச் சொல்லியிருந்தேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லர்ஸ்லியில் எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. தென் லண்டனில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். அவருடைய அம்மா சிறுமியாக ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். இவர் ஒரே பிள்ளை. அப்பா இல்லை. அதிகம் பேச மாட்டார். ஆனால் மதிய இடைவேளையில் நாங்கள் நான்கைந்து பேர் பக்கத்துப் புல்வெளியில் பந்து விளையாடும்போது அவர் காலுக்குப் பந்து போனால் எல்லோரும் நின்று பார்ப்போம். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "சின்ன வயசுல கொஞ்சம் விளையாடினேன்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அந்தக் காலை இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. வெளியே இருட்டு கலையவில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாசலில் எங்கள் மூன்று பேரின் ஈரச் செருப்புகளும் காலணிகளும். அறைக்குள் ஹீட்டர் சூடு. அக்கா ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். நண்பர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தமிழ்க் கடையில் தினமும் இதை வாங்கித் தின்றிருக்கிறேன் என்றார். அக்காவுக்கு அதைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் இரண்டை அவர் தட்டில் வைத்தார்.

ஆட்டம் தொடங்குமுன் வீரர்கள் ஒரு கணம் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி நின்றார்கள். எதற்கு என்று அக்கா கேட்க, இனவெறிக்கு எதிராக என்று நண்பர் விளக்கினார். முந்தைய ஆட்டங்களில் இதற்காகச் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள் என்றும் சொன்னார். அக்கா நம்ப முடியாமல் அண்ணாவைப் பார்த்தார். "ஓம், கத்தினவங்கள்தான்" என்றார் அண்ணா.

ஆட்டம் தொடங்கியவுடனேயே இங்கிலாந்து கோல் போட்டது. அண்ணா சோபாவிலிருந்து எழுந்து நண்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் அதற்கு முன் அறிமுகமே கிடையாது. நான் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. பிற்பாதியில் இத்தாலி சமன் செய்தது. கூடுதல் நேரமும் முடிந்து, பெனால்டிக்கு வந்தது.

அதில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். இங்கிலாந்துக்காக உதைத்தவர்களில் மூன்று பேர் தவறவிட்டார்கள். மூன்று பேரும் இளைஞர்கள், மூன்று பேரும் கறுப்பினத்தவர்கள். கடைசியாக உதைத்தவருக்குப் பத்தொன்பது வயது. அவர் உதைத்த பந்தைக் கோல்கீப்பர் தடுத்ததும் ஆட்டம் முடிந்தது.

அண்ணா தலையில் கை வைத்தபடி டிவியைப் பார்த்துத் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னார். இவர்களை நம்பி ஏன் பந்தைக் கொடுத்தார்கள் என்பது அதன் பொருள். அதில் 'இவர்கள்' என்பதற்கு அண்ணா சொன்னது, கறுப்பினத்தவர்களைக் குறிக்க நம் ஆட்கள் சிலர் சர்வ சாதாரணமாகச் சொல்லும் ஒரு சொல். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அண்ணா கெட்டவர் இல்லை. கோபத்தில், பழக்கத்தில், பக்கத்தில் இருப்பவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பில் வந்துவிட்டது. நண்பருக்குப் புரிந்திருக்கக் கூடாதே என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. கையில் போனை எடுத்திருந்தார். தோற்றதற்காக வருத்தப்படுகிறவரின் முகம் அல்ல அது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். ஷூகூடப் போடவில்லை. காலுறையோடு ஈரப் புல்லில் நடந்து, துணிக்கொடிக்குக் கீழே நின்று பேசத் தொடங்கினார்.

அவருடைய ஷூவை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அவருடைய அம்மா போனில் சத்தமாகப் பேசுகிறவர். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

"அம்மா, நாளைக்கு பஸ்ஸில் போக வேண்டாம்" என்று அவர் ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. ஒரே ஒரு நாள்."

"எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு."

"டாக்ஸி போட்டுத் தரேன்."

"எதுக்கு? பந்தை வெளியே அடிச்சது நானா?" என்றார் அந்த அம்மா. "வார்டுல இருக்கிறவங்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கணும். நான் தூங்கப் போறேன். நீயும் போய் வேலையைப் பாரு."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவர் அப்படியே நின்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டம் தோற்றதற்கும் அம்மா பஸ்ஸில் போவதற்கும் என்ன சம்பந்தம் என்றுகூடக் கேட்டுவிட்டேன். பதிலுக்கு அவர் போனைத் திருப்பிக் காட்டினார். ஆட்டம் முடிந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அந்த மூன்று வீரர்களின் பக்கங்களிலும் குரங்குப் படங்களும் வாழைப்பழப் படங்களும் வந்து குவிந்துகொண்டிருந்தன. படிக்கக் கூசும் வார்த்தைகள். விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை.

"இவங்க எல்லாம் போன்லயே இருந்திட மாட்டாங்க" என்றார். "விடியக்காலைல பாதிப் பேர் குடிச்சிட்டு ரோட்டுல நிப்பாங்க. அம்மாவோட பஸ் அந்த வழியாத்தான் போகும்."

அவருடைய அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு நோயாளிகளுக்கு உணவு கொடுக்கும் வேலையில் இருந்தார். அறுபது வயது தாண்டியவர். தினமும் விடியற்காலையில் முதல் பஸ். மகன் உலகத்தின் இந்தக் கோடியில். நியூசிலாந்து எல்லையை மூடியிருந்த நேரம். ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வழியில்லை. அந்த அம்மாவை அவர் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்கதவில் அண்ணா வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"எந்த இடம் அம்மா இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நண்பர் சொன்னார். அண்ணா ஆஸ்பத்திரியின் பெயரையும் கேட்டார். பிறகு கோப்பைகளை என் கையில் கொடுத்துவிட்டு, தன் போனை எடுத்தார்.

"பிள்ளை, உனக்குத் தெரியாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "லண்டனில நான் பெற்றோல் செட்டில வேலை முடிஞ்சு பஸ்ஸில வரேக்க, மேல் தட்டில வச்சு என்னை அடிச்சவங்கள். ஏனெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு கன காலம் நான் கீழ்த்தட்டில டிரைவருக்குப் பின்னாலதான் இருந்து வாறனான்."

அத்தனை நாள் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அண்ணா லண்டன் கதை சொன்னால் பந்து, பனி, சமையல் என்றுதான் சொல்வார். இதைச் சொன்னதே இல்லை.

அவர் போன் பண்ணியது அக்காவின் தம்பிக்கு. அவர் தென் லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் வேலையில்தான் இருந்தார். அண்ணா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, விடிய வேலை முடிஞ்சதும் ஒரு உதவி செய்ய வேணும். ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விட வேணும். அவ அங்க வேலை செய்யிறவ."

"ஆர் அத்தான் அவ?"

அண்ணா நண்பரைப் பார்த்தார். "எங்கட ஆளின்ர அம்மா" என்றார்.

"அப்ப சரி. விலாசத்தை அனுப்புங்கோ" என்றார் தம்பி. வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை.

அண்ணா போனை வைத்துவிட்டு, விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்குவதற்காக நண்பர் பக்கம் திரும்பினார். அதற்கு முன் நண்பரே பேசினார். உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறினாலும் தெளிவான தமிழ்.

"நன்றி, அண்ணை."

அண்ணாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"உங்களுக்குத் தமிழ் விளங்குமோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றார் நண்பர். பிறகு ஆங்கிலத்தில், தன் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப் பையன்கள் என்றும், பேச வராது, கேட்டால் கொஞ்சம் புரியும் என்றும் சொன்னார். அவ்வளவுதான். குரலில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. என் கையிலிருந்த தேநீரை வாங்கிக்கொண்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணா துணிக்கொடிக்குக் கீழேயே நின்றார். நான் கூப்பிட்டும் வரவில்லை.

லண்டனில் விடிய இன்னும் பல மணி நேரம் இருந்தது. நண்பர் தன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அக்கா விடவில்லை. தனியாக இருந்து யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். நானும் அவரும் எதிரெதிரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வேலை ஒன்றும் ஓடவில்லை. மதியம் அண்ணா விமான நிலையத்துக்குப் போன் பண்ணி ஷிஃப்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். காலையில் அண்ணா சொன்ன அந்தச் சொல் தன் காதிலும் விழுந்தது என்று பின்னால் அக்கா என்னிடம் சொன்னார். எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் அவரும் அடுப்படியிலேயே நின்றிருந்தார்.

சோற்றைப் பரிமாறிக்கொண்டே அக்காதான் கேட்டார். "ஒரு விளையாட்டுத்தானே, ஏன் இவ்வளவு பயம்?"

நண்பர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாவுக்கும் கேட்கும் தூரம்தான்.

அவர் சின்ன வயதில் கொஞ்சம் விளையாடியவர் இல்லை. ஒரு தொழில்முறைக் கிளப்பில் சம்பளத்துக்கு விளையாடியவர். பெரிய கிளப் இல்லை, கீழ்ப்பிரிவில் இருந்தது. அவருக்கும் அப்போது பத்தொன்பது வயது. ஒரு முக்கியமான ஆட்டத்தின் கடைசியில் தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்ட பந்து வேகம் போதாமல் எதிரணியிடம் சிக்கி, கோலாகிவிட்டது. அணி தோற்றது.

விளையாட்டில் இது நடப்பதுதான். அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. பந்தைப் பற்றிக் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அவருடைய காரைப் பற்றி. இந்த வயதில் இவ்வளவு பெரிய கார் எதற்கு, கழுத்தில் சங்கிலி எதற்கு, ஆட்டத்தில் கவனம் எங்கே என்று படத்தோடு போட்டிருந்தார்கள். கார் அவருடைய மாமாவின் பழைய கார். பயிற்சிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்ததால் இரவல் கொடுத்திருந்தார். சங்கிலி அம்மா போட்டுவிட்டது. அதே மாதம் அதே அணியில் விளையாடிய ஒரு வெள்ளைக்காரப் பையன் புதுக் கார் வாங்கினான். அதையும் அதே பத்திரிகை எழுதியது. கடுமையாக உழைக்கும் நம்ம ஊர்ப் பையனுக்குக் கிடைத்த பரிசு என்று.

"கார் ரெண்டும் ஒரே நிறம்" என்று சொல்லி நண்பர் லேசாகச் சிரித்தார். "அந்தப் பையன் நல்லவன். அவனே அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து என்கிட்டக் காட்டி, இது சரியில்லைன்னு சொன்னான்."

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த வாரம் அவருடைய அம்மா வேலைக்குப் போன பஸ்ஸில் ஒருவர் அந்தப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உரக்கத் திட்டியபடி வந்திருக்கிறார். இவர் யாருடைய அம்மா என்று அந்த ஆளுக்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் என்பதால் அந்த அம்மா பக்கம் திரும்பி, உங்கள் ஆட்களுக்கு நன்றியே கிடையாது என்று சொல்லி, பத்திரிகையை அவர் மடியில் வீசியிருக்கிறார். சில பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மா இறங்க வேண்டிய இடம் வரும்வரை மகனின் படம் மடியில் கிடக்க அப்படியே உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்து மகனிடமும் சொல்லவில்லை. அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

"கிளப்புல இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்கிறோம்னு சொன்னாங்க" என்றார். "நான்தான் வேணாம்னு வந்துட்டேன். ஏன்னு அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. அலுத்துப்போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றினார். கூடத்தில் டிவியை அண்ணா எப்போதோ அணைத்திருந்தார்.

மணி நாலைத் தாண்டியது. லண்டனில் விடியற்காலை. அக்காவின் போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அண்ணாவும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அம்மாவுக்குப் போன் பண்ணலாமா என்று நண்பர் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கோபித்துக்கொள்வார் என்று பயம்.

வெளியே இருட்டத் தொடங்கிய பிறகுதான் போன் அடித்தது. தம்பியின் குரல்.

"அக்கா, அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டா. இப்பதான் கை காட்டிட்டுப் போறா."

நண்பர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"காரில பிரச்சினையில்லாமல் போனியளோ?" என்று அக்கா கேட்டார்.

"எங்க கார்? அவ காரில ஏறவே இல்லை" என்றார் தம்பி. "நான் பஸ் தரிப்பிடத்தில போய், அன்ரி, உங்கட மகன் சொல்லி வந்தனான், ஏறுங்கோ எண்டன். அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. நீ நல்ல பிள்ளை, ஆனா நான் இண்டைக்குக் காரில போனா நாளைக்கும் காரில போக வேண்டிவரும் எண்டு சொல்லிப்போட்டா. அதுக்குள்ள பஸ் வந்திட்டுது. நான் என்ன செய்யிறது? காரை அந்த ஒழுங்கை ஓரமா விட்டிட்டு நானும் பஸ்ஸில ஏறிட்டன்."

அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆக்கள் ஏதும் பிரச்சினை குடுத்தவையோ?" அண்ணா கேட்டார்.

"கொடியைப் போர்த்துக்கொண்டு ஒருத்தன் முன் சீட்டில இருந்தவன். நல்ல குடிவெறி. ரெண்டு மூண்டு தரம் எங்களைத் திரும்பித் திரும்பிப் பாத்தவன். சத்தியமா எனக்குப் பயமாத்தான் இருந்தது அத்தான். அந்த அம்மா பாட்டுக்கு, எனக்கு எத்தனை பிள்ளையள், மனிசி என்ன செய்யிறா எண்டு கேட்டுக்கொண்டு வந்தா. பிறகு அவன் நித்திரையாப் போயிட்டான். ஒண்டும் நடக்கேல்ல."

ஒண்டும் நடக்கேல்ல. அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தோம். தம்பி ஒரு போட்டோ அனுப்பினார். பஸ்ஸுக்குள், இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நடுவில் ஒரு சீட் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு முழுக்கக் கண்விழித்த தம்பியின் கண்கள் சிவந்திருந்தன. அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்திருந்தார். நண்பர் அதைப் பெரிதாக்கி அம்மாவின் முகத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அவர் கிளம்பும்போது அண்ணா கூடவே கார் வரைக்கும் போனார். நான் வாசலில் நின்றேன். அண்ணா ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி, அது சரியாக வராமல் தமிழுக்கு மாறினார்.

"காலமை நான் சொன்ன அந்தச் சொல்... பிழை. பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நண்பர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"ஸ்கூல்ல சண்டை வந்தா என் ஃபிரெண்ட்ஸ் அந்த வார்த்தையைத்தான் சொல்லுவாங்க. எனக்கு முதல்ல தெரிஞ்ச தமிழ் வார்த்தையே அதுதான்" என்றார் ஆங்கிலத்தில். "இன்னைக்கு அதையும் உங்க வாயால கேட்டேன். எங்கட ஆள்னு சொன்னதையும் கேட்டேன். ரெண்டையும் நான் மறக்கப் போறதில்லை."

அண்ணா தலையை ஆட்டினார். நண்பர் அவர் தோளைத் தொட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்று அந்தத் தோள் தொடல் மன்னிப்பா இல்லையா என்று அண்ணா பல நாள் என்னைக் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியாது.

அடுத்த நாள் இங்கிலாந்துப் பத்திரிகைகளை இணையத்தில் பார்த்தேன். இனவெறிக்கு எதிராகப் பெரிய எழுத்தில் தலைப்புகள். வெட்கக்கேடு என்று எழுதியிருந்தார்கள். நண்பரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க. இதே பசங்க வீடு வாங்கினப்போ, கார் வாங்கினப்போ என்ன எழுதினாங்கன்னும் தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நான் தேடிப் பார்த்தேன். அதன் பிறகு எந்த விளையாட்டுச் செய்தியையும் முன்பு மாதிரி என்னால் படிக்க முடிவதில்லை.

அக்காவின் தம்பி அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் அந்தப் பஸ்ஸில் ஏறினார். யாரும் சொல்லவில்லை. பேச்சுத் துணைக்குப் போனேன் என்றார். வார இறுதியில் அந்த அம்மா அவர் பிள்ளைகளுக்குக் கேக் செய்து கொண்டுவந்தாராம்.

எல்லை திறந்ததும் நண்பர் வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கே போய்விட்டார். அம்மா ஓய்வு பெறுகிறவரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். போன பிறகு ஒருநாள், கால்பந்தை ஏன் விட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டதாக எழுதினார். அம்மாவுக்கு அது அப்போதே தெரியுமாம். எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாராம். என் பக்கத்து மேஜைக்கு வேறு ஒருவர் வந்தார், மதிய இடைவேளைப் பந்தாட்டமும் நின்றுபோனது. அண்ணாவும் அக்காவும் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குக் குடிபோனார்கள். அதற்கு முன் மனுகாவில் ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் மேஜையில் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தார்கள். அண்ணா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்பிடிக் கதையாதேங்கோ" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மேஜையே அடங்கிவிட்டது.

இப்போது தனியாகத்தான் ஆட்டம் பார்க்கிறேன். யாராவது ஒரு இளைஞர் பந்தைத் தவறவிட்டுத் தலையைக் குனிந்தால், உலகமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், நாளைக் காலையில் அவருடைய அம்மா எந்த வழியாக வேலைக்குப் போவார், பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்றுதான் என் மனம் போகிறது.